பின்சுவர் ஓரத்து மண்

அந்த மண் இரண்டாவது தடவையும் தேறவில்லை என்ற சேதி வந்த காலையில், குழாயக்கா வாசல் கேட்டில் நின்று ஒரு லாரிக்காரரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, பின்சக்கரத்துக்கு நடுவுல ஒரு கூடை மண்ணை ஒளிச்சு வெச்சுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒளிக்கவெல்லாம் இல்லக்கா. சும்மா ஒட்டியிருக்கு. போற வழியில தானா உதிர்ந்துடும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். எங்க தெருவுல உதிரும். பள்ளிக்கூட வாசல்ல உதிரும். வாங்க, பின்னால வாங்க... இன்னும்... நிறுத்துங்க!"

லாரி முனகிக்கொண்டே கழுவும் பள்ளத்துக்குள் மறுபடி இறங்கியது. குழாயக்கா தடித்த ரப்பர் குழாயை இடுப்போடு அணைத்துப் பிடித்து, தண்ணீரைத் திறந்துவிட்டாள். சக்கரத்துக்குள் இருந்த மண்ணெல்லாம் பிய்த்துக்கொண்டு விழுந்து, பள்ளத்தின் சாக்கடை வழியாகத் தொட்டிக்குள் ஓடியது. சக்கரம் கடையில் வாங்கியது போல ஆன பிறகுதான் அவள் கையை அசைத்தாள். குழாயக்கா என்ற பேர் அந்தக் குழாயால் வந்ததுதான். வீட்டில் வைத்த பேரை அந்த இடத்தில் யாரும் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

அது ஒரு பழைய பேட்டரி கம்பெனி இருந்த இடம். கம்பெனியை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. முதலாளிகள் போய்விட்டார்கள், மெஷின்கள் போய்விட்டன, கூரைத் தகடுகூடப் போய்விட்டது. போகாமல் தங்கியது ஈயம் ஒன்றுதான். அது மண்ணோடு மண்ணாகக் கலந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஈயத்திடம் ஒரு கெட்ட குணம், தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளவே காட்டிக்கொள்ளாது. நாறாது, கரிக்காது, உறுத்தாது. பிள்ளைகள் மண்ணில் விளையாடி அந்தக் கையை வாயில் வைத்தால் போதும், சத்தமில்லாமல் ரத்தத்தில் ஏறிவிடும்.

அதனால்தான் இப்போது அந்த நிலத்தைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்து, தார்ப்பாய் போர்த்தி லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே அதற்கென்றே ஒரு குழி வெட்டி, அடியில் கனத்த ஷீட் விரித்து வைத்திருந்தார்கள். வேறு லாரிகள் மேட்டுப் பக்கத்திலிருந்து நல்ல செம்மண் கொண்டுவந்து கொட்டும். ஒரு கட்டம் நிரம்பியதும் அதிலிருந்து மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தேறினால் அந்தக் கட்டம் முடிந்தது. தேறாவிட்டால் மறுபடி தோண்டு.

குழாயக்காவின் வீடு அந்த நிலத்தின் ஓரத்திலேயே இருந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், அதில் கடைசி வீடு. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் கால் வைக்கிற இடமே கம்பெனி மண். அவளுடைய மகள் தவழ்ந்ததும் அங்கேதான், நடை பழகியதும் அங்கேதான். உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். ஐந்து வயதில் பட்டாணி சோர்ந்து சோர்ந்து படுத்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்து கொடுத்து, பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "முதல்ல பிள்ளையை அந்த மண்ணை விட்டு எடுங்க. மண்ணு தேறினதும் கூட்டிட்டு வரலாம்." பட்டாணியின் அத்தை, அதாவது குழாயக்கா புருஷனின் அக்கா, நகரத்தின் மறுகோடியில் மூன்றாவது மாடியில் இருந்தார். தையல் தொழில். பிள்ளை அங்கே போனாள். ஒரு மாதம் என்று போனவள், மழை போய் வெயில் வந்தும் திரும்பவில்லை.

குழாயக்கா இந்த வேலைக்கு வந்த காரணம் அதுதான். வீட்டில் உட்கார்ந்து மண் எப்போது தேறும் என்று காத்திருக்க அவளால் முடியவில்லை. புருஷனும் அங்கேயே லாரி ஓட்டினார். வீடுகளின் பின்சுவரை ஒட்டிய கட்டத்தைத்தான் முதலில் தோண்டினார்கள், முதலில் நிரப்பினார்கள். முதல் பரிசோதனையில் மற்ற வீடுகளின் பின்பக்கமெல்லாம் தேறியது. கடைசி வீட்டின் பின்பக்கம் மட்டும் தேறவில்லை. மறுபடி தோண்டி, மறுபடி நிரப்பினார்கள்.

அதன் முடிவுதான் இப்போது வந்திருந்தது. மண் டாக்டரம்மா கேட்டை நோக்கி நடந்து வந்த விதத்திலேயே குழாயக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் டாக்டர் இல்லை, மண் பரிசோதிக்கிறவர். கூர்மையான குழாயை மண்ணுக்குள் இறக்கி, ரத்தம் எடுப்பது போல மண் எடுத்துப் போவதால் அந்தப் பேர். வழக்கமாக ஓட்டமும் நடையுமாக வருகிறவர், இன்று ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தார்.

"அக்கா..."

"சொல்லாதீங்க டாக்டரம்மா. நான் லாரி கழுவணும்."

"அக்கா, குழாயை மூடுங்க முதல்ல."

மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அந்த இடமே காலியானது போல இருந்தது.

"மத்த இடமெல்லாம் போன தடவை மாதிரியே நல்லா இருக்கு. உங்க வீட்டுக்குப் பின்னால மட்டும் திரும்பவும் கூடுதலா வருது."

பின்னாலேயே மேஸ்திரி வந்தார். எந்தச் சேற்றிலும் பூட்ஸ் பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு. கெட்ட சேதியைக்கூட மடித்துத் தேய்த்துத்தான் சொல்வார்.

"ஆபீஸ்ல பேசிட்டேன். மூணாவது தடவையெல்லாம் தோண்ட மாட்டாங்களாம். செவ்வாய்க்கிழமை கான்கிரீட் வண்டி வரும். அந்த மூலையை மூடி வேலி போட்டுடுவாங்க."

"மூடிட்டா? எங்க வீடு?"

மேஸ்திரி தன் பூட்ஸைப் பார்த்தார். "வீட்டுல நீங்க இருக்கலாம். சின்னப் பிள்ளைங்க இருக்கக்கூடாதுன்னு எழுதிடுவாங்க."

தூரத்தில் பொக்லைன் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டிக்கொண்டிருந்தது.

"அதெப்படி எங்க வீட்டுக்குப் பின்னால மட்டும்?" என்றாள் குழாயக்கா. குரல் அவளுடையது போலவே இல்லை.

"அதைத்தான் நானும் யோசிச்சேன்" என்றார் மேஸ்திரி. "அந்த மூலைக்கு மட்டும் ரெண்டு தடவையும் மண்ணு கொண்டாந்தது யாரு? உங்க வீட்டுக்காரர். நல்ல மண்ணு லாரி ஒண்ணு படுத்துட்டதுன்னு, கெட்ட மண்ணு ஓட்டின லாரியிலயே கொண்டாந்தாரு. என் வீட்டுக்கு நானே கொண்டாறேன்னு பிடிவாதம் வேற. தொட்டியில மிச்சம் மீதி ஒட்டியிருந்திருக்கும்."

இது குழாயக்காவையும் சேர்த்துத்தான் குத்தியது. ஏனென்றால் அந்த லாரியின் தொட்டியைக் கழுவியது அவள். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மூலை முடுக்கெல்லாம் விரல் விட்டுக் கழுவியிருந்தாள்.

"அந்தத் தொட்டியில சோறு போட்டுச் சாப்பிடலாம் மேஸ்திரி!"

"நீங்க சாப்பிடுவீங்க. ஆபீஸ்ல சாப்பிட மாட்டாங்க. விஷயம் தெளியற வரைக்கும் அவர் உள்ள வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அவள் புருஷன் அப்போதுதான் லாரியைக் கேட்டுக்கு ஓட்டி வந்தார். விவரம் கேட்டதும் சாவியைக் கழற்றி மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை, சிரிக்கிற ஆள். அதுதான் இன்னும் மோசம்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் மனைவியைப் பார்த்து. "கழுவினது நீ, ஓட்டினது நான், திட்டு எனக்கு. குடும்பம்னா இதுதான்."

"கிண்டலா? பிள்ளை வர முடியாதாம். தெரியுமா உங்களுக்கு?"

சிரிப்பு நின்றது. அந்த மேட்டுக்குப் போய், கல் கலக்காத இடமாகப் பார்த்து, கையில் அள்ளி முகர்ந்து பார்த்து மண் கொண்டுவந்தவர் அவர். கேட்டைத் தாண்டி நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரு கணம் ஒரு நினைப்பு வந்தது. நான் கழுவினேன், சரி. அதற்குப் பிறகு இவர் வழியில் எங்காவது எதையாவது ஏற்றி இறக்கியிருப்பாரோ? அப்படி நினைத்ததற்காக உடனே தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் தலையோடு குளித்து, உடுப்பு மாற்றி, செருப்பையும் மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். வேலைத் தளத்துத் தூசி ஒன்றுகூடப் பிள்ளை மேல் படக்கூடாது என்று அவள் வைத்திருந்த சட்டம் அது.

மூன்றாவது மாடி ஏறுவதற்குள்ளேயே தையல் மெஷின் சத்தம் கேட்டது. கதவைத் திறந்ததும் பட்டாணி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது, கண்ணில் பழைய துடுக்கு வந்திருந்தது.

"அம்மா, மண்ணுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

மண்ணுக்குக் காய்ச்சல் என்றுதான் பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குடா."

"மருந்து குடிக்க மாட்டேங்குதா?"

"ஆமா. உன்னை மாதிரியே. துப்பிடுது."

பட்டாணி சிரித்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "வா, நம்ம வீட்டு ஜன்னல்லேர்ந்து பாரு, கீழே நாய் குட்டி போட்டிருக்கு" என்றாள்.

நம்ம வீடு என்றது அத்தை வீட்டை. பிள்ளை அதைச் சாதாரணமாகத்தான் சொன்னது, பல் விழுந்த இடத்தில் நாக்கை விட்டுக்கொண்டே சொன்னது. குழாயக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாய்க்குட்டிகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டாள்.

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தினார்.

"சேதி வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி. தேறல."

"என் தம்பி என்ன சொல்றான்?"

"அவர் மேலதான் பழி போட்டிருக்காங்க."

"அவன் மேலயா? சின்ன வயசுல இட்ட வேலையை முடிக்காம சோறு தின்ன மாட்டான் அவன். பாதி நாள் பட்டினிதான், சோம்பேறி வேற." நாத்தனார் ஊசியில் நூல் கோத்தபடி மெல்லச் சொன்னார். "இங்க பாரு. பிள்ளை இங்கயே இருந்தா எனக்குப் பாரமா? இவ இல்லாட்டி இந்த வீட்டுல நான் யாரோட சண்டை போடுவேன்? ஆனா ராத்திரி தூக்கத்துல அம்மான்னுதான் கூப்பிடுறா. அத்தைன்னு ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்ல. அதனால நீ அழாதே. எனக்கு வர்ற பொறாமைக்கு நான்தான் அழணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பும் அழுகையும் ஒரே கைக்குட்டையில் போயிற்று.

திங்கட்கிழமை வேலை எப்போதும் போல ஓடியது. லாரிகள் வந்தன, போயின. புருஷன் ஓட்டிய லாரியை வேறு யாரோ ஓட்டினார்கள். மாலையில் பொக்லைன் ஓய்ந்ததும் ஆட்களெல்லாம் வழக்கம் போலக் கடைசி வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

அது பின்சுவர் ஓரத்தில் முதல் தடவை மண் நிரப்பியதிலிருந்து உண்டான பழக்கம். கேட்டில் இருக்கும் குழாய் லாரிக்கானது, காலில் அடித்தால் தோலே உரிந்துவிடும். பூட்ஸ் கழுவ ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். நாலு பேர் கால் வைப்பதற்குள் தண்ணீர் கூழாகிவிடும். கூழில் கழுவின காலோடு இவர்கள் வீட்டுக்குப் போவதா? வீட்டில் பிள்ளைகள் இல்லையா? குழாயக்காவால் பொறுக்க முடியவில்லை. தன் சமையலறைக் குழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, புது மண்ணுக்கு மேலே நீட்டி, கயிறு கட்டிய எல்லை வரைக்கும் கொண்டுவந்து வைத்தாள். நல்ல தண்ணீர். எல்லாரும் அதில்தான் பூட்ஸையும் மண்வெட்டியையும் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தேறிய மண்ணோ தேறாத மண்ணோ, நிரப்பின மண்ணில் அழுக்குக் காலை வைக்கக்கூடாது என்பது தளத்துச் சட்டம். அதை யாரும் மீறியதில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம், தோண்டாத மண்ணில் நின்றுதான் கழுவுவார்கள். ஒருவன் கால் தவறிக் கயிற்றைத் தாண்டினால் மற்றவர்கள் கத்தி ஊரைக் கூட்டிவிடுவார்கள்.

அன்றும் கூட்டம் கூடியது. பொக்லைன் ஓட்டுகிறவர் முதலில் வந்தார். பாயசம் அள்ளுகிற மாதிரி பக்குவமாக அள்ளுவார் என்பதால் கரண்டி அண்ணன் என்று பேர்.

"தள்ளுங்கப்பா, மேஸ்திரி வர்றாரு. அவர் பூட்ஸுக்கு முகப்பவுடர் போட்டுத்தான் அனுப்பணும்."

"பேசாம கழுவுய்யா" என்றார் மேஸ்திரி. ஆனால் வரிசையில் நிற்காமல் முன்னால் வந்து நின்றார். சுற்றிச் சுற்றி, குதிகாலுக்கு அடியிலெல்லாம் கழுவிக்கொண்டார்.

குழாயக்கா சமையலறை ஜன்னலுக்கு உள்ளே நின்று குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எல்லாரும் போன பிறகு மண் டாக்டரம்மா வந்தார். நாளைக்குக் கான்கிரீட் போட்டுவிடுவார்கள் என்று அந்த மூலையையே கடைசியாக ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அக்கா, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றார், பூட்ஸை நீட்டியபடி. "அடியில எடுத்த மண்ணு சுத்தமா இருக்கு. மேல எடுத்ததுதான் கெட்டிருக்கு. லாரி தொட்டியில ஒட்டியிருந்ததுன்னா மேல கீழ எல்லாம் கலந்துல்ல இருக்கணும்? அதையும் எழுதித்தான் அனுப்பினேன். ஆபீஸ்ல படிச்ச மாதிரியே தெரியல."

"அப்ப அவர் கொண்டாந்த மண்ணு..."

"மண்ணு நல்ல மண்ணுதான். மேலேர்ந்துதான் என்னமோ வந்து விழுது. காத்துல வருதுன்னா பக்கத்து வீட்டுப் பின்னாலயும் விழணுமே."

சொல்லிக்கொண்டே அவர் ஒரு காலைக் கழுவி முடித்து மறு காலை நீட்டினார். குழாயக்கா தண்ணீர் போகிற போக்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். புது மண் நிரப்பியபோது மேடாக இருந்தது. நாளாக ஆக அமுங்கி, இப்போது கயிற்றுக்கு வெளியே இருக்கிற தரையைவிடத் தாழ்ந்திருந்தது. டாக்டரம்மாவின் பூட்ஸிலிருந்து இறங்கிய தண்ணீர் கயிற்றுக்கு அடியில் நிதானமாகப் புகுந்து, சிவந்த மண்ணில் சாம்பல் நிறத்தில் ஒரு நாக்கை நீட்டி, நேரே அவள் வீட்டுச் சுவரைப் பார்த்து வந்தது. சுவரோரத்தில் வந்ததும் மண்ணில் ஊறி ஒன்றும் தெரியாமல் மறைந்தது. அவர்கள் கால்தான் கயிற்றைத் தாண்டவில்லை. கயிறு கட்டியிருப்பது தண்ணீருக்குத் தெரியுமா?

அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. அவரும் குனிந்து தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் சளசளவென்று ஊற்றிக்கொண்டே இருந்தது.

"அக்கா... மூடுங்க."

குழாயக்கா மூடினாள். மூடிவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையால... என் கையாலயே ஊத்தியிருக்கேன். தினம் தினம். என் பிள்ளை விளையாடுற இடத்துல."

கயிற்றுக்கு அப்பாலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. "நீங்க மட்டுமா? நானும்தான் கழுவினேன். ஒரு நாள் விடாம. பரிசோதனைக்கு மண்ணு எடுத்துட்டு, அந்தக் காலையும் இங்கயே கழுவிட்டுப் போயிருக்கேன். என்னை எங்க கொண்டுபோய் அடிக்கிறது?" பாதி அழுகையாகச் சொன்னவர், சட்டென்று நிமிர்ந்தார். "அக்கா, எழுந்திருங்க. இது நல்ல சேதி. புரியுதா? மண்ணுக்குள்ள ஒண்ணும் இல்ல. மேல பூசினது. பூசினதை வழிச்சு எடுத்துடலாம்!"

"நாளைக்குக் கான்கிரீட் வருதே."

"அதான் எழுந்திருங்கன்னு சொல்றேன்."

மேஸ்திரி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். இரண்டு பெண்கள் மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்து என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார். குழாயக்காதான் சொன்னாள். யார் மேலும் பழி போடாமல், சுற்றி வளைக்காமல், என் வீட்டுக் குழாய்தான் காரணம் என்று சொன்னாள். கேட்கக் கேட்க மேஸ்திரியின் பார்வை மெல்ல மெல்லக் கீழே இறங்கி, பளபளக்கும் தன் பூட்ஸில் போய் நின்றது.

"இந்தத் தளத்துல அதிக நேரம் கழுவினது யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார், ஒன்றும் தெரியாதவர் போல.

"தெரியும், தெரியும். சும்மா இருங்க." மேஸ்திரி தொண்டையைச் செருமினார். வந்த பஸ்ஸில் ஏறவில்லை. "பொக்லைனை அந்தச் சுவர்கிட்ட விட முடியாது, சுவர் விழுந்துடும். கையாலதான் வழிக்கணும். விடிஞ்சதும் எல்லாரையும் வரச் சொல்றேன். ஏம்மா, உங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க. நல்ல மண்ணு எங்க கிடைக்கும்னு அவருக்குத்தான் தெரியும். நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க." கொஞ்சம் யோசித்து, "மன்னிப்பு கேட்டேன்னும் சொல்லுங்க. நேர்ல எனக்கு வராது" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் அதைச் சொன்னாள். தன் மனதில் ஒரு கணம் வந்துபோன சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னாள்.

"எனக்கும் வந்துச்சு" என்றார். "நீ சரியா கழுவலையோன்னு."

"வந்துச்சா!"

"ஒரு நிமிஷம்தான்."

"நான் கழுவினதையா சந்தேகப்பட்டீங்க?"

"இப்ப நீ மட்டும்?" என்றார் அவர். அதற்கு மேல் சண்டை போட இரண்டு பேருக்கும் வழியில்லை.

விடிந்ததும் எல்லாரும் வந்துவிட்டார்கள். யாரையும் இழுத்து வர வேண்டியிருக்கவில்லை. முதல் வேலையாக அந்த ஜன்னல் குழாயைக் கழற்றிச் சுருட்டினார்கள். பிறகு புது உறையைக் காலில் மாட்டிக்கொண்டு, மண்வெட்டியைப் படுக்கைவாட்டில் பிடித்து, சாம்பல் ஓடின இடத்தையெல்லாம் முழங்கை ஆழத்துக்கு வழித்தார்கள். வழித்ததைச் சாக்கில் கட்டி வாயைத் தைத்தார்கள். கரண்டி அண்ணன் பொக்லைனில் உட்கார்ந்தே பழகியவர், முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் வழித்த இடம் தோசை திருப்பின மாதிரி ஒரே சீராக இருந்தது.

"அண்ணே, உங்களுக்கு மெஷின் எதுக்கு?"

"உட்காரத்தான்டா" என்றார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

வெயில் ஏறும் நேரத்தில் கான்கிரீட் வண்டி வயிற்றைச் சுற்றிக்கொண்டே வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"எங்க கொட்டணும்?"

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் கழுத்து வரைக்கும் வியர்த்திருந்தார். பூட்ஸ் தெரியாதபடி மண். ஆபீஸிலிருந்து வந்த உத்தரவு சட்டைப் பையில் இருந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கையை வேறு பக்கம் நீட்டினார்.

"கேட்டுப் பக்கம் கொண்டுபோய் கொட்டு. பூட்ஸ் கழுவ ஒரு மேடை கட்டப்போறோம். சாக்கடையோட."

"மூலைக்குன்னு சொன்னாங்களே?"

"சொன்னாங்க. நான் இப்ப வேற சொல்றேன். கல்லாகிறதுக்குள்ள போய்யா!"

வண்டி வளைந்து போனது. மேஸ்திரி எதிர்ப்பக்கம் திரும்பி நின்று ஆபீஸுக்குப் போன் போட்டார். அவர் நின்ற நிலையைப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் யாரோ கத்துகிறார்கள் என்று தெரிந்தது. டாக்டரம்மா போய்ப் போனைக் கையில் வாங்கி, மேலே கெட்டதும் அடியில் நல்லதுமாக வந்த கணக்கையும் தண்ணீர் ஓடின தடத்தையும் விவரமாகச் சொன்னார். ஒரே ஒரு பரிசோதனை, அதோடு முடிவு என்று அந்தப் பக்கம் இறங்கி வந்தது.

மத்தியானம் குழாயக்காவின் புருஷன் நல்ல மண் கொண்டுவந்தார், வேறு லாரியில். கேட்டில் அவளே நிறுத்தினாள்.

"பின்னால வாங்க."

"இது நல்ல மண்ணு மட்டும் கொண்டாற லாரி. கெட்ட மண்ணைத் தொட்டதே இல்ல."

"இருக்கட்டும். பின்னால வாங்க."

அவர் பின்னால் வந்தார்.

ஒரு வாரம் காத்திருந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் குழாயக்கா கழுவின சக்கரங்கள் போல ஊரில் எந்த லாரிக்கும் சக்கரம் இருந்திருக்காது. ஆட்கள் எல்லாம் கேட்டுப் பக்கம் புது மேடையில் நின்று கழுவிக்கொண்டார்கள். கயிறு இருந்த இடத்தில் மேஸ்திரி தகர வேலி அடித்து, அடியில் வரப்பும் போட வைத்தார். அந்த மூலையைத் தாண்டிப் போகும்போது மட்டும், தூங்குகிற பிள்ளை இருக்கிற வீட்டைத் தாண்டுவது போல எல்லார் நடையும் மெதுவாயிற்று.

முடிவு வந்த அன்று மண் டாக்டரம்மா நடந்து வரவில்லை. தளத்தின் அந்தக் கோடியிலிருந்தே ஓடி வந்தார். பாதி வழியில் தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. குழாயக்கா அவர் வந்து சேரும் வரை காத்திருக்கவில்லை. குழாயைத் திறந்தபடியே போட்டுவிட்டு எதிரே ஓடினாள். கழுவ நிறுத்தியிருந்த லாரிக்காரர் தலையோடு நனைந்து, "அக்கா, தண்ணி! தண்ணி!" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

பெரிய டாக்டர் ரத்தத்தை மறுபடி பார்த்து, தலையாட்டி, சரி என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பட்டாணி வந்து இறங்கினாள். கூடவே அத்தையும் வந்து இறங்கினார். பிள்ளையை விட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுவேன் என்றார். கையில் இருந்த பை ஒரு வாரத்துக்கான பை.

குழாயக்கா காலையிலிருந்தே வீட்டைத் துடைத்திருந்தாள். அவர்கள் வந்த பிறகும் மனசு கேளாமல் சமையலறைத் தரையை இன்னொரு தடவை துடைத்தாள். அந்த நேரத்தில் பட்டாணி எப்போது பின்கதவைத் திறந்தாள், எப்போது வெளியே போனாள் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. ஈரத் தரையில் செக்கச் செவேலென்று இரண்டு கால் தடம், அதன் பின்னால் இன்னும் இரண்டு, கதவிலிருந்து நடுச் சமையலறை வரைக்கும். இரண்டு கையிலும் மண். மூக்கு நுனியிலும் மண்.

"அம்மா, அங்க தோண்டத் தோண்ட வருது!"

"ஏய்! கண்ணு எங்க இருக்கு உனக்கு?" குழாயக்கா துணியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "இடுப்பொடிய இப்பத்தானே துடைச்சேன்! ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டியா? தூக்கு காலை. அதை வைக்காதே. ஐயோ, அதையும்தான் வைக்காதே!"

பட்டாணி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு தள்ளாடினாள்.

"வந்ததும் வராததுமா பிள்ளையைத் திட்டாதே" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

"நீங்க சும்மா இருங்க அண்ணி. இது என் தரை."

அப்படிச் சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதிலேயே விழுந்தது. எத்தனையோ நாளாகப் பிள்ளையை அதட்டும்போதெல்லாம் தொண்டைக்குள் இருந்து நடுங்கிய ஒன்று இப்போது இல்லை. இது வெறும் தரை அழுக்கானதற்கான திட்டு. எல்லா வீட்டிலும் எல்லா அம்மாவும் திட்டுகிற திட்டு.

பிள்ளையின் தோளைப் பிடித்துப் பின்கதவுப் பக்கம் திருப்பினாள்.

"போ. தரை காயற வரைக்கும் உள்ள வராதே. வெளியில மண்ணுலயே விளையாடு."